ஹெட்போன் வாங்குறதுக்கு முன்னால கொஞ்சம் வரலாறு

குறுவை அறுப்பு முடிஞ்சு தாளடிக்கு நாத்து விட்டாச்சு. நாத்து பறிக்கிற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கு. இந்தத் தடவை விதை நெல்லும் இல்ல, உரமும் இல்ல. காதுல மாட்டுற ஹெட்போன் பத்தி எழுதலாம்னு இருக்கேன். விவசாயிக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

சில வருஷமா நான் ஒரு சின்ன ரெக்கார்டரையும் மைக்கையும் தூக்கிக்கிட்டு வரப்புல அலையுறவன். முதல் மழைக்கு அப்புறம் கத்துற தவளை, விடியக்காலை செம்போத்து, வாய்க்கா மதகுல தண்ணி விழுற சத்தம் எல்லாம் பிடிச்சு வச்சிருக்கேன். ஆனா முக்கியமா நான் பிடிக்கிறது நடவுப் பாட்டு. நடவு மெஷின் வந்த பிறகு எங்க ஊர் வயலில் பாட்டு நின்னு போச்சு. முழுசாப் பாடத் தெரிஞ்சவங்க எங்க பக்கத்துல இப்ப மூணே பேர். மூத்தவங்களுக்கு எண்பது தாண்டிடுச்சு. ஒரு தடவை பாடுறதுக்கே மூச்சு வாங்குது. "இன்னொரு தடவை பாடுங்க அத்தை"ன்னு கேட்க வாய் வராது. அவங்க பாடி முடிக்கும்போதே அது சரியாப் பதிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதைச் சொல்றது மைக் இல்ல, ரெக்கார்டரும் இல்ல. காதுல இருக்கிற ஹெட்போன்தான்.

எங்க சித்தப்பா பேரன் ஒருத்தன் காலேஜ்ல படிக்கிறான். அவனும் ஊர்ச் சத்தங்களைப் பதிய ஆரம்பிச்சிருக்கான். "எந்த ஹெட்போன் சித்தப்பா ரொம்ப நாள் உழைக்கும்?"னு கேட்டான். ஒரு பேரைச் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்தக் கருவி எப்படி வந்தது, யாருக்காக வந்ததுன்னு தெரிஞ்சா அவனே தேர்ந்தெடுத்துக்குவான். அதனாலதான் இந்தக் கட்டுரை.

ஹெட்போன் முதலில் பாட்டுக் கேட்பதற்காக வந்ததல்ல. அது வேலைக்கான கருவி. 1880களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு இரண்டு கையும் இணைப்புக் கொடுக்கத் தேவைப்பட்டது. கேட்கும் குழலைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? தோளில் சேணம் மாதிரி மாட்டிக்கொள்ளும் பாரமான கருவியைச் செய்து கொடுத்தார்கள். உழவு மாட்டு நுகத்தடிதான் ஞாபகம் வருது. பிரான்சில் எர்னஸ்ட் மெர்காடியே என்பவர் 50 கிராமுக்கும் குறைவான எடையில் காதுக்குள் செருகும் ஒரு கருவி செய்து 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பஸ்ஸில் பிள்ளைகள் காதில் செருகியிருப்பதற்குப் பாட்டன் அது. லண்டனில் 1895 முதல் எலக்ட்ரோபோன் என்று ஒரு சேவை நடந்தது. வருஷ சந்தா கட்டினால் வீட்டில் உட்கார்ந்தபடியே டெலிபோன் கம்பி வழியாக நாடகமும் தேவாலயப் பிரசங்கமும் கேட்கலாம். பணக்காரர் விஷயம். அதைத் தாண்டிப் போவோம்.

எனக்குப் பிடித்த கதை இதற்கு அடுத்தது. நத்தானியேல் பால்ட்வின், 1878இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபில்மோர் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். சால்ட் லேக் சிட்டியில் உள்ள பெரிய வழிபாட்டு மண்டபத்தில் பிரசங்கம் சரியாகக் கேட்கவில்லை என்ற குறைதான் அவரை ஒலியைப் பெருக்கும் வேலையில் இறக்கியது. நம்ம ஊர்க் கூத்துல கடைசி வரிசையில உட்கார்ந்தவனுக்கு வர்ற அதே குறை.

1910இல் அமெரிக்கக் கடற்படை அலுவலகத்துக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, ஊதா மசியில் எழுதியது. தான் செய்த கேட்கும் கருவியைச் சோதித்துப் பாருங்கள் என்பது விஷயம். ஊர் பேர் தெரியாத ஆள் அனுப்பியதைப் பெரிய ஆபீஸ்கள் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் சோதித்தார்கள். அவர்கள் கையில் இருந்த கருவிகளைவிட மெல்லிய சத்தமும் இதில் கேட்டது. கப்பலில் வயர்லெஸ் கேட்பவனுக்கு அதுதானே வேண்டும்? கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேய்ந்து தேய்ந்து வரும் தந்திக் குறிப்பு அது. உடனே ஆர்டர் கொடுத்தார்கள். பால்ட்வின் சொன்ன பதில்: ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும். ஏனென்றால் அவர் அதை வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்!

அந்தக் கருவியின் உள்வேலையைக் கொஞ்சம் சொல்லியாகணும். அந்தக் காலத்து டெலிபோன் குழலில் காந்தம் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை நேராக இழுக்கும். தகடு அதிர்ந்து சத்தம் வரும். பால்ட்வின் அப்படிச் செய்யவில்லை. காந்த முனைகளுக்கு நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டைத் தராசு முள் மாதிரி சமநிலையில் நிறுத்தினார். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போய் மைக்கா தகட்டை அசைக்கும். சமநிலையில் நிற்பதை அசைக்க எவ்வளவு விசை வேண்டும்? விரல் பட்டாலே போதும். நூறு வருஷம் கடந்தும் காது கேளாதவர்கள் வைத்துக்கொள்ளும் கருவிகளில் இந்தத் தத்துவம்தான் ஓடுகிறது.

தலைப்பட்டைக்கும் அவர் ஒரு வழி செய்தார். தோல் சுற்றிய இரண்டு கம்பிகள், ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். கடற்படைக்காரர்கள் "இதற்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியும், இது அற்ப விஷயம் என்று விட்டுவிட்டாராம். முதல் உலகப் போர் வந்தது, ஆர்டர் குவிந்தது, சமையலறை தொழிற்சாலை ஆயிற்று. பிறகு தன் மதத்தில் பலதார மணத்தை விடாத பிரிவினருக்கு வேலையும் பணமும் கொடுத்தார். 1920களில் கம்பெனி கையைவிட்டுப் போனது. தபால் மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். 1961இல் ஏழையாகச் செத்தார். அவர் வாழ்க்கையை எடைபோட நான் ஆளில்ல. ஆனா வாழ்ந்து கெட்ட மிராசு வீட்டுக் கதை கேட்ட மாதிரியே இருக்கும்.

போர் முடிந்ததும் வானொலி வந்தது. ஆரம்பத்தில் பலருக்குக் கட்டுப்படியான பெட்டி கிரிஸ்டல் செட்தான். ஒரு கலீனா கல், ஒரு சுருள், நீளமான ஏரியல் கம்பி, ஒரு ஹெட்போன். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அந்தக் கல்லை வைத்து அலையைப் பிடிக்கும் வித்தைக்கு 1901லேயே அமெரிக்காவில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ், 1904இல் கிடைத்தது. ஏரியலில் வரும் துளி சக்தியிலேயே ஹெட்போன் பேச வேண்டும் என்பதால், தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி 2000 ஓம் தடை வருமாறு செய்வார்கள். இந்த ஓம் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வேணும். வீட்டில் ஒரே ஹெட்போன் இருந்தால் அதை ஒரு கிண்ணத்துக்குள் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

நம் பக்கம் அந்த அலை வந்தது 1924இல். சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த வருஷம் ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் நின்றுபோய், 1930 முதல் மாநகராட்சி எடுத்து நடத்தியது. திருச்சி வானொலி 1939இல் வந்தது. எங்க தாத்தா காலத்துக்குள்ள ஹெட்போன் போய் ஒலிபெருக்கி வச்ச பெட்டி வந்துடுச்சு. ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலியில சொல்லிச் சொல்லியே பரப்பினதுல அதுக்கு "ரேடியோ நெல்லு"ன்னே பேரு விழுந்தது நம்ம டெல்டாக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அதெல்லாம் திண்ணையில கூட்டமாக் கேட்ட காலம்.

கூட்டம் ஒலிபெருக்கிக்குப் போன பிறகும் ஹெட்போனை விடாமல் வைத்திருந்தவர்களில் வெளியில் போய்ச் சத்தம் பதிகிறவர்களும் உண்டு. என் ஜாதி.

பறவைச் சத்தத்தை முதலில் பதிந்தது என்று அறியப்பட்டவர் லுட்விக் கோக். 1889இல், ஜெர்மனியில், எட்டு வயதுப் பையனாக, மெழுகு உருளைக் கருவியில் கூண்டுப் பறவை ஒன்றின் பாட்டைப் பிடித்தார். அது எந்தப் பறவை தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் பாடும் சோலைப்பாடி! எங்கேயோ பிடித்து விற்கப்பட்டு, கடல் கடந்து கூண்டில் கிடந்த பறவை. உலகத்திலேயே பதிவாகி மிஞ்சியிருக்கும் முதல் பறவைக் குரல் அது. கோக் யூதர், 1936இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய், பிபிசி வானொலியில் பறவைக் குரலுக்கே பேர் போனவர் ஆனார்.

அடுத்த கதையை நான் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்வேன். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஆலன், பீட்டர் பால் கெல்லாக் என்று இரண்டு பேர் 1929 முதல் பறவைச் சத்தம் பதிந்துவந்தார்கள். 1935இல் ஒரு குழுவாக லூசியானா மாநிலத்தில் சிங்கர் காடு என்ற சதுப்புக் காட்டுக்குப் போனார்கள். தேடிப் போனது தந்த அலகு மரங்கொத்தி என்ற பெரிய பறவையை. அப்போதே அது அருகிப் போயிருந்தது. கருவிகள் ஒரு லாரி நிறைய. சதுப்பில் லாரி போகாது. என்ன செய்தார்கள்? எல்லாவற்றையும் இறக்கி, கோவேறு கழுதை பூட்டிய கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வண்டியின் மேலேயே ஒலிப்பதிவுக் கூடம்! மழைக்காலத்துல டிராக்டர் இறங்காத வயலுக்கு மாட்டு வண்டியில நாத்துக்கட்டு கொண்டு போன நமக்கு இது நல்லாவே புரியும்.

அவர்கள் பதிந்தது சினிமாப் படச்சுருளின் ஓரத்தில். படச்சுருளைக் கழுவினால்தான் என்ன பதிந்திருக்கிறது என்று தெரியும்; காட்டில் கழுவ முடியாது. அங்கே நிற்கும்போது கையில் இருக்கும் ஒரே சாட்சி காதில் வரும் சத்தம்தான். காற்று அடிக்கிறதா, கம்பி ஆடுகிறதா, பறவை விலகிப் போய்விட்டதா எல்லாம் காதை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும். அந்தப் பதிவு நன்றாகவே வந்தது. பிறகு மரக் கம்பெனிகள் அந்தக் காட்டை வெட்டித் தீர்த்தன. 1944க்குப் பிறகு அந்தப் பறவையைப் பார்த்ததாக எல்லாரும் ஒப்புக்கொண்ட செய்தி கிடையாது. அதன் குரல் என்று சந்தேகமில்லாமல் இன்றைக்கு உலகத்திடம் இருப்பது அந்த 1935 பதிவுதான். தகர ஊதல் மாதிரி "கெண்ட், கெண்ட்" என்று கூப்பிடும். அதைக் கேட்ட ராத்திரி எனக்கு எங்க அத்தை பாட்டுதான் ஞாபகத்துல ஓடிச்சு.

இரண்டு வருஷம் கழித்து 1937இல் பெர்லினில் ஆய்கன் பேயர் என்பவரின் கம்பெனி டிடி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. பழைய ஹெட்போன்களில் காந்தம் தகட்டை இழுக்கும். இதில் ஸ்பீக்கரில் இருப்பது போல ஒரு கம்பிச்சுருள் தகட்டோடு ஒட்டி, காந்தத்துக்குள் ஏறி இறங்கும். இன்றைக்கு நாம் வாங்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை இந்த வம்சம்தான். அதைவிட எனக்கு வியப்பு அதன் ஆயுசு. 2012 வரைக்கும் அதே பேரில் அது செய்யப்பட்டு விற்றது. 75 வருஷம்! காது பரிசோதனை செய்கிறவர்கள் அதை அளவுகோலாக வைத்திருந்தார்கள். சினிமாவுக்கு வெளியில் போய்ச் சத்தம் பிடித்தவர்கள் தோளில் நாக்ரா டேப் ரெக்கார்டர், காதில் டிடி 48 என்றே திரிந்தார்கள்.

நாக்ராவை 1951இல் சுவிட்சர்லாந்தில் செய்தவர் ஸ்டெபான் குடெல்ஸ்கி, போலந்துக்காரர். அவர் மொழியில் அந்தப் பேருக்கு "பதியும்" என்று பொருள். அந்த வரிசையில் பின்னால் வந்த பெட்டிகளில் பதிகிற தலை தனி, படிக்கிற தலை தனி. டேப்பில் ஏறிய சத்தத்தையே அடுத்த நொடியில் ஹெட்போனில் கேட்கலாம். கழுதை வண்டிக்காரர்களுக்குக் கிடைக்காத நிம்மதி அது.

வீட்டில் பாட்டுக் கேட்க ஹெட்போன் என்ற பழக்கம் 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ் என்பவரால் சூடு பிடித்தது. இரண்டு காதுக்கும் தனித்தனிச் சத்தம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்கு முக்கியமான திருப்பம் 1968. ஜெர்மனியில் ஹனோவர் பக்கம் உள்ள சென்ஹைசர் கம்பெனி எச்டி 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை நல்ல ஹெட்போன் என்றால் காதை இறுக்கி மூடவேண்டும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இவர்கள் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். காதின் மேல் ஒரு ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். காற்று போய் வந்தது, எடை குறைந்தது, சத்தம் மண்டைக்குள் அடைபடாமல் வெளியில் விரிந்து கேட்டது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஹெட்போனில் மூடியது, திறந்தது என்று இரண்டு குலம் பிரிந்தது அப்போதுதான். 1979இல் வாக்மேன் வந்து ஊரெல்லாம் ஹெட்போன் ஆனது. கூடவே மலிவும் வந்தது, தூக்கிப் போடுகிற பழக்கமும் வந்தது.

இந்த இரண்டு குலமும் ஏன் இருக்கிறது என்று புரிந்தால் பாதித் தேர்வு முடிந்தது. வயலுக்கு மூடியதுதான் வேண்டும். திறந்த ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அத்தைக்கு முன்னால் உட்கார்ந்தால், காதில் கேட்பது மைக் வழியாக வந்ததா, நேராக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மைக் ஒயர் கழன்றிருந்தாலும் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும்! தவிர, திறந்ததிலிருந்து கசியும் சத்தம் திரும்ப மைக்குக்குப் போகும். மூடியது காதை அடைத்து, மைக் கேட்பதை மட்டும் கொடுக்கும்.

மேசைக்குத் திறந்ததுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து, நாலு பேர் சேர்ந்து பாடுற இடத்துல ஒவ்வொரு சொல்லாப் பிரிச்சு எழுதுறது சும்மா வேலை இல்ல. ஒரு வரிக்கு இருபது தடவை திருப்பிக் கேட்பேன். மூடினதைப் போட்டா அரை மணியில காது வெந்துடும். நம்ம சித்திரை வெயிலுக்கு ராத்திரியிலயும் அதே கதைதான். திறந்ததுல மூணு மணி நேரம் தாராளமா உட்காரலாம். வாசல்ல நாய் குரைச்சாலும் தெரியும்.

சத்தத்தை அடக்கும் ஹெட்போன் என்று இப்போது கடையில் காட்டுவார்கள். அதன் கதையும் சுவையானது. 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல், அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தவர் அமர் போஸ். இவர் வேறு போஸ், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குப் போன வங்காளி ஒருவரின் மகன். வெளிச் சத்தத்துக்கு நேர் எதிரான சத்தத்தை உண்டாக்கி அதை அழிப்பது தத்துவம். பிரயாணத்துக்கு அருமை. பதிவு வேலைக்கு ஆகாது. மோட்டாரின் "ம்ம்ம்" என்ற உறுமல், டிரான்ஸ்பார்மர் இரைச்சல் இதையெல்லாம்தான் அது முதலில் அழிக்கும். நான் தேடிப் பிடிக்க வேண்டிய எதிரியை என் கண்ணிலிருந்து மறைக்கிற கருவி எனக்கு எதுக்கு?

இந்த உறுமலைப் பற்றி ஒன்று சொல்லணும். நம் கரண்ட் நொடிக்கு 50 தடவை மாறுவது. அந்த 50 அதிர்வு உறுமல் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த சத்தம் வராது. மலிவான ஹெட்போனிலும் மங்கிவிடும். நல்ல ஹெட்போனில் "அந்த மோட்டார் கொட்டாயை விட்டு நூறு அடி தள்ளிப் போ" என்று காதைத் திருகிச் சொல்லும். வளையல் குலுங்குவது, சேலை மைக்கில் உரசுவது, பாடுகிறவர் வெற்றிலை மெல்லுவது எல்லாம் அப்படித்தான். (வெற்றிலைச் சத்தம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுடுவேன். அது பாட்டோட சேர்ந்தது.)

இப்போது அந்த ஓம் கணக்கு. வயலுக்குக் கொண்டுபோகும் சின்ன ரெக்கார்டர் பேட்டரியில் ஓடுவது. அதனால் தள்ள முடிந்த அழுத்தம் கொஞ்சம். தடை அதிகமான ஹெட்போனை அதில் செருகினால் சத்தம் சன்னமாக இருக்கும், நீங்கள் ஒலியைக் கூட்டிக் கூட்டி ஏமாறுவீர்கள். வயலுக்கு 30இலிருந்து 80 ஓம் வரை போதும். மேசையில் ஆம்ப்ளிபயர் இருந்தால் 250, 300 ஓம் வைத்துக்கொள்ளலாம். ஒரே மாடலையே இரண்டு மூன்று ஓம் அளவில் விற்கிறார்கள். பெட்டியைப் பார்த்து வாங்கணும்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பேர்கள் எல்லாம் பழசு. வயலுக்கு மூன்று. சோனியின் எம்டிஆர் 7506, 1991இலிருந்து வருவது, 63 ஓம்; சினிமா, டிவிக்குச் சத்தம் பிடிப்பவர்கள் கழுத்தில் சுருள் ஒயரோடு தொங்குவது பெரும்பாலும் அதுதான். சென்ஹைசரின் எச்டி 25, 1988இல் வந்தது, 70 ஓம், 140 கிராம்தான். ஒரு காதுக் கிண்ணத்தை மட்டும் திருப்பி விட்டுக்கொள்ளலாம். ராத்திரி வரப்பில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடப்பது நல்லதில்ல. பாம்பு சரசரப்பது ஒரு காதுக்காவது கேட்கணும். மூன்றாவது பேயர்டைனமிக்கின் டிடி 770, 1985இலிருந்து வருவது. டிடி 48இன் பேரப்பிள்ளை, 80 ஓம் அளவு வயலுக்குச் சரி. மேசைக்கு சென்ஹைசர் எச்டி 600, 1997இல் வந்தது, திறந்தது, 300 ஓம்.

ஏன் எல்லாமே பழசு? புதுசுல நல்லது இல்லாமல் இல்ல. முப்பது வருஷமா ஒரே மாதிரி செய்யப்படுற பொருளுக்கு உதிரி கிடைக்கும், எனக்கு அது போதும். எச்டி 25ஐயும் எச்டி 600ஐயும் பிரித்து மேய்ந்து ஒயர், மெத்தை, தலைப்பட்டை, ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டலாம். ஒயர் இரண்டிலும் செருகும் வகை. 7506இலும் டிடி 770இலும் ஒயரைப் பற்றவைத்திருப்பார்கள். அறுந்தால் டவுனில் டிவி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுத்து ஈயம் வைத்துக்கொள்ளலாம், பெரிய காரியமில்ல. பழைய சுசுகி பைக்கை இன்னும் ஓட்டுறவங்களும், பழைய டீசல் இன்ஜினை விற்காம வச்சிருக்கிறவங்களும் இந்தக் கணக்கைப் போட்டவங்கதான். புளூடூத் வகையில் உள்ளே ஒட்டியிருக்கும் பேட்டரி செத்தால் மொத்தமும் குப்பை. அது இல்லாவிட்டாலும் அதில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். அத்தை வாயசைவுக்கும் காதுக்கும் ஒட்டாது.

நம் தட்பவெப்பத்துக்கு முதலில் போவது காது மெத்தை. தோல் மாதிரி தெரியும் அந்தப் பிளாஸ்டிக் பூச்சு வேர்வையிலும் ஈரக்காற்றிலும் கருப்புப் பொரியாக உரியும்; ஹெட்போனைக் கழற்றினால் காதெல்லாம் மச்சம் வைத்த மாதிரி இருக்கும். அது இயல்பு, சைக்கிள் டயர் தேய்வது மாதிரி. வாங்கும்போதே ஒரு ஜோடி மெத்தை கூட வாங்கிவிடணும். துணி மெத்தை உரியாது, வேர்க்காது. ஆனால் களத்துமேட்டில் நெல் சுணை அதில் ஏறிவிட்டால் ராத்திரியெல்லாம் காதைச் சொறிய வேண்டியதுதான். அதனால் வயலுக்குப் பூச்சு மெத்தை, மேசைக்குத் துணி மெத்தை என்பது என் ஏற்பாடு. பூச்சு மெத்தைக்கு மேல் பழைய பனியன் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன். துவைத்துக் காயப்போட்டுக்கொள்ளலாம்.

விலையைக் கேட்டா வீட்டுல திட்டுதான் விழும். வயலுக்கு ஒண்ணு வாங்கவே சில மூட்டை நெல்லுப் போடணும். முதல் வருஷத்துல ரெண்டும் வாங்கத் தேவையில்ல. மூடினது ஒண்ணு முதல்ல வாங்கு, மேசைக்கும் அதையே வச்சு ஓட்டு, காது வெந்தா எழுந்து போய் மோர் குடிச்சுட்டு வான்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன். வாங்குறதுக்கு முன்னால ஒரு நாள் என்னோடதை மாட்டிக்கிட்டு வயலைச் சுத்தி வரச் சொன்னேன். போனவன் ரெண்டு மணி நேரம் வரலை. மதகுப் பக்கம் உட்கார்ந்து தவளை கேட்டுக்கிட்டு இருந்தான்.

ஒரே ஒரு சங்கதி பாக்கி. எந்தக் கம்பெனியும் பெட்டியில் எழுதாதது. நம்ம வீட்டுல ஒயருக்கு முதல் எதிரி எலி. அறுப்புக்கு அப்புறம் வயல் எலியெல்லாம் வீட்டுக்குள்ள குடி வந்துடும். அதனால ராத்திரி மேசை மேலயோ ஆணியிலயோ விட்டுட்டுப் படுக்காதீங்க. நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னுல, அடியில துணி போட்டு, ஒயரைத் தளர்வாச் சுத்தி உள்ள வச்சு மூடிடுறேன். மழைக்காலத்துல அதுலயே ஒரு பிடி வறுத்த அரிசியைத் துணியில முடிஞ்சு போட்டு வச்சா ஈரத்தை இழுத்துக்கும். மாசம் ஒரு தடவை அரிசியை மாத்தணும்.